நாவலில் ஓரிரு இடங்களில் மட்டும் வரும் ஆர்வெனைப் படத்தில் கதாநாயகியாக்கியது சரியா?

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் விரல்விட்டு எண்ணக்கூடிய பக்கங்களில் மட்டுமே தலைகாட்டும் ஆர்வென் என்ற எல்ஃப் இனப் பெண்ணை இயக்குநர் பீட்டர் ஜாக்சன் மூன்று படங்களுக்கும் கதாநாயகியாக்கிவிட்டார். மிகுபுனைவுக் காவியம் ஒன்றைத் திரைக்குக் கொண்டுவரும்போது காதலை இவ்வளவு பெருக்கித்தான் ஆக வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. பெருக்கியது சரிதான் என்பது என் எண்ணம். ஆனால், பெருக்கிய இடங்களில் பாதி தவறான இடங்கள். நாவலே ஆயத்தமாக எடுத்து வைத்திருந்த ஒரு காதல் காட்சியை அவர் தொடவே இல்லை என்பது அதைவிடப் பெரிய குறை.

நான் முதலில் பார்த்தது படங்களைத்தான். பிறகு நாவலைக் கையில் எடுத்தபோது ஆர்வெனைத் தேடித் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். அவளுடைய ஊரான ரிவென்டெல்லில் நடக்கும் விருந்தில் அவளை ஃபுரோடோ, தீய மோதிரத்தைச் சுமக்கும் சிற்றுருவ ஹாபிட் இனத்தவன், பார்க்கிறான், அதோடு சரி. போரெல்லாம் முடிந்து, அரசுரிமை உள்ள மனிதனான அரகோர்னுடன் அவள் திருமணமும் நடந்தேறிய பிறகு ஃபுரோடோவுக்குத் தன் வெண்மணியைப் பரிசளிக்கும் இடத்தில்தான் அவள் குரலை நேரடியாகக் கேட்கிறோம். கதாநாயகனின் காதலி ஆயிரம் பக்கங்களுக்கு மேல் வாய் திறக்காமல் இருக்கும் இன்னொரு நாவலை நான் படித்ததில்லை.

அவர்களுடைய கதையை டோல்கீன் பின்னிணைப்பில் வைத்திருக்கிறார். இருபது வயது அரகோர்ன் அந்தி வேளையில் லூதியன் என்னும் எல்ஃப் இளவரசியைப் பற்றிய பழம்பாடலைப் பாடியபடி காட்டில் நடந்துகொண்டிருக்கிறான்; பாட்டில் வருபவளே எதிரே வந்துவிட்டாளோ என்று மயங்கும்படி ஆர்வென் நிற்கிறாள். அவளுக்கு அப்போது வயது 2,700க்கும் மேல். அவளுடைய தந்தை எல்ரோண்ட், அரகோர்னைக் குழந்தைப் பருவம் முதல் தம் வீட்டில் வைத்து வளர்த்தவர். கோண்டோர், அர்னோர் ஆகிய இரு நாடுகளுக்கும் அரசனாகாத எந்த மனிதனுக்கும் தம் மகள் மணமகளாக மாட்டாள் என்று அவர் பின்னாளில் சொல்லிவிடுகிறார். முதல் சந்திப்புக்கு 29 ஆண்டுகள் கழித்து லோத்லோரியன் காட்டின் கெரின் அம்ரோத் குன்றில் இருவரும் மணந்துகொள்வதென்று உறுதி செய்துகொள்கிறார்கள். அதற்குப் பிறகும் 39 ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். திருமணத்தின்போது அரகோர்னுக்கு வயது 88.

இந்தக் காதலுக்குக் குறுக்கே வில்லன் யாரும் இல்லை, போட்டியாளரும் இல்லை. குறுக்கே நிற்பது காலம். சாவில்லாத இனத்தைச் சேர்ந்தவள், சாகப்போகும் ஒருவனுக்காகத் தானும் சாவதற்கு ஒப்புக்கொள்கிறாள். மணந்துகொண்டால் அவள் தந்தையோடு கடல் கடந்து எல்ஃப்களின் சாவில்லா நாட்டுக்குப் போக முடியாது. உலகம் முடிந்த பிறகும் தந்தையும் மகளும் சந்திக்க வழி கிடையாது. இந்த விலையைப் புரிந்துகொள்ளாத பார்வையாளருக்கு அரகோர்னும் ஆர்வெனும் அழகான ஆடை உடுத்திய இருவர், அவ்வளவுதான்.

இத்தனை கனமான கதையை ஏன் பின்னிணைப்புக்குத் தள்ளினார்? டோல்கீனே தம் கடிதம் ஒன்றில் காரணம் சொல்லியிருக்கிறார்: இது கதையின் இன்றியமையாத பகுதிதான், ஆனால் நாவல் ஹாபிட்டுகளை மையமாகக் கொண்டு கட்டப்பட்டது, மைய ஓட்டத்தில் இதைச் சேர்த்தால் அந்தக் கட்டமைப்பு சிதைந்துவிடும். ஹாபிட்டுகளின் கண்ணில் படாதது நாவலில் பெரும்பாலும் வருவதில்லை. ஆகவே அரகோர்னின் காதலை நாம் ஒட்டுக்கேட்பதுபோலத்தான் அறிகிறோம். கெரின் அம்ரோத் குன்றின் அடியில் அவன் சிறிய பொன்னிறப் பூ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பழைய நினைவில் முகம் இளகி நிற்பதை ஃபுரோடோ பார்க்கிறான். அங்கே இல்லாத ஒருத்தியிடம் அவன் எல்ஃப் மொழியில் விடைபெறுகிறான். காரணம் ஃபுரோடோவுக்கு முழுதாக விளங்கவில்லை. முதல் முறை படிப்பவர்களுக்கும் விளங்குவதில்லை. அகத்திணையில் முல்லைக்கு உரிய பொருளாக ‘இருத்தல்’ என்று ஒன்றைச் சொல்வார்கள்: தலைவன் பாசறையில், தலைவி மனையில், இடையில் சொல்லப்படாத காலம். டோல்கீனுக்கும் முல்லைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இருந்தாலும் முல்லைப் பாட்டுகள் படித்துப் பழகிய கண்ணுக்கு ஆர்வென் அந்நியமாகத் தெரியமாட்டாள்.

திரைப்படத்தில் இது அப்படியே செல்லாது. வாசகர் பின்னிணைப்பைப் படித்துவிட்டுத் திரும்பவும் அந்தப் பூ வரும் பக்கத்துக்குப் போகலாம். திரையரங்கில் அமர்ந்திருப்பவர் போக முடியாது. நாவலைப் படித்திராத என் அக்காவுடன் மூன்று படங்களையும் மறுபடி பார்த்தபோது இதை நன்றாக உணர்ந்தேன். நாவலின்படி ஆர்வென் நடுவில் எங்குமே வராமல் கடைசியில் மட்டும் வந்து நிற்பாள் என்று நான் சொன்னதும், “அப்படியென்றால் முடிசூட்டு விழாவில் யாரோ ஒருத்தி வந்து நிற்பதுபோல அல்லவா இருக்கும்? எயோவினை ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நான் கேட்டிருப்பேன்” என்றார். (எயோவின், அரகோர்ன்மேல் மனம் வைக்கும் ரோகன் நாட்டு அரசகுலப் பெண்.) ஜாக்சனும் அவருடன் திரைக்கதை எழுதிய ஃபிரான் வால்ஷ், ஃபிலிப்பா பாயன்ஸ் ஆகியோரும் பின்னிணைப்பை மையத்துக்குக் கொண்டுவந்தது தவிர்க்க முடியாத முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு. முதல் படத்தில் காயம்பட்ட ஃபுரோடோவை ஆர்வென் குதிரையில் தூக்கிக்கொண்டு போய், ஆற்றைப் பெருக வைத்து, மோதிரத்துக்காகத் துரத்திவரும் ஒன்பது கரும்பரியினரை மூழ்கடிக்கிறாள். நாவலில் குதிரையைக் கொடுத்து உதவுபவர் க்ளோர்ஃபிண்டெல் என்னும் எல்ஃப் பெருமகன். 1978இல் வந்த ரால்ஃப் பாக்ஷியின் அனிமேஷன் படம்கூட அவரை நீக்கிவிட்டு லெகோலாஸை அந்த இடத்தில் வைத்தது. ஆகவே க்ளோர்ஃபிண்டெல் போனது பற்றி எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் ஃபுரோடோவுக்காகத்தான். நாவலில் அவன் தனியாகக் குதிரையில் ஆற்றைக் கடந்து, திரும்பி நின்று, ஒடுங்கும் குரலில் ஒன்பது பேரையும் எதிர்த்துப் பேசுகிறான். படத்தில் அந்தத் துணிவு ஆர்வெனுக்குப் போய்விட, அவன் கண் செருகிய சுமையாகக் கிடக்கிறான். காதலிக்கு இடம் கொடுப்பதற்காக ஃபுரோடோவிடமிருந்து எடுத்துக்கொண்டது இது.

இதைவிடப் பெரிய விபத்து ஒன்று நடக்க இருந்தது. இரண்டாம் படத்தில் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரில் ஆர்வென் வாளெடுத்துப் போரிடுவதாக முதலில் எழுதி, அவளாக நடித்த லிவ் டைலருக்கு வாட்பயிற்சி கொடுத்து, காட்சிகளும் எடுத்திருந்தார்கள். படப்பிடிப்பு நடக்கும்போதே செய்தி கசிந்து இணையத்தில் ரசிகர்கள் கொதித்தார்கள். பின்னர் படக்குழுவே அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, ஆர்வெனை ரிவென்டெல்லுக்குத் திருப்பி அனுப்பியது. காதலர்கள் ஒரே சட்டகத்தில் நின்றால்தான் காதல் தெரியும் என்று நினைத்ததுதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தக் காதலில் அவர்கள் சேர்ந்திருக்கும் நேரத்தைவிடச் சேராதிருக்கும் நேரத்துக்குத்தான் எடை அதிகம்.

திருப்பி அனுப்பியதால் கிடைத்த காட்சிதான் மூன்று படங்களிலும் எனக்கு மிகப் பிடித்த காதல் காட்சி. அதில் காதலர்கள் ஒரு சொல்கூடப் பேசிக்கொள்வதில்லை. எல்ரோண்ட் தம் மகளிடம் வரப்போவதைச் சொல்கிறார்: எதிரி சவுரோன் தோற்கட்டும், அரகோர்ன் அரசனாகட்டும், நீ விரும்பியதெல்லாம் நடக்கட்டும், அப்போதும் அவன் சாகத்தான் போகிறான். அவர் பேசப் பேச, முடியும் வாளுமாகக் கிடத்தப்பட்ட முதிய அரசனின் உடலைப் பார்க்கிறோம். அருகே கறுப்பு முகத்திரையுடன் ஆர்வென் நிற்கிறாள். அடுத்த கணம் அந்த உடல் கல்லாகச் செதுக்கிய உருவமாகியிருக்கிறது. அவள் மட்டும் அப்படியே இருக்கிறாள். பிறகு இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே தனியாக நடக்கிறாள். விண்மீன் இல்லாத குளிர்கால அந்தியோடு அவள் துயரை ஒப்பிடும் பின்னிணைப்பு வரியை எடுத்து எல்ரோண்ட் வாயில் வைத்திருக்கிறார்கள். நாவலில் கதைசொல்லி, நடந்து முடிந்ததாகச் சொல்வதைப் படத்தில் தந்தை எச்சரிக்கையாகச் சொல்கிறார். இந்த ஒரு மாற்றத்தால் 120 ஆண்டு ஆட்சியும் அதன் முடிவும் ஓரிரு நிமிடங்களுக்குள் வந்துவிடுகின்றன. அவளுடைய காதலின் விலை என்ன என்று அக்காவுக்கு விளங்கியதும் அங்கேதான். ஆற்றுக் காட்சியை ரசித்தவர், இந்தக் காட்சி முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் மூன்றாம் படத்தில் சறுக்குகிறார்கள். ஆர்வென் நலிந்துகொண்டிருக்கிறாள், அவள் உயிர் மோதிரத்தின் கதியோடு பிணைந்துவிட்டது என்று எல்ரோண்ட் அரகோர்னிடம் வந்து சொல்கிறார். நாவலில் இதற்கு இடமே இல்லை. எல்ஃப் ஒருத்தி தன் விருப்பத்தால் சாவைத் தேர்ந்துகொள்கிறாள் என்பதுதான் இந்தக் கதையின் உயிர். அதை நோயாக மாற்றியதும் அவள் காப்பாற்றப்பட வேண்டிய பெண்ணாகிவிடுகிறாள். நாயகன் போய் எதிரியை வென்றால் நாயகி பிழைப்பாள் என்ற பழக்கப்பட்ட தடத்தில் படமும் விழுந்துவிடுகிறது. கோண்டோர் மக்களுக்காகப் போருக்குப் போகிறவனுக்கு இன்னொரு காரணம் தேவைப்படவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டோல்கீன் மைய நாவலிலேயே விரிவாக, உரையாடலாகவே எழுதிய காதல் எயோவினுக்கும் கோண்டோர் வீரன் ஃபரமிருக்கும் உரியது. காயம்பட்ட இருவரும் மதில்மேல் நின்று வடக்குக் காற்றில் போர்ச் செய்திக்குக் காத்திருக்கிறார்கள். தன் தாய்க்கு உரியதாயிருந்த, விண்மீன்கள் பதித்த நீல மேலாடையை அவன் அவளுக்குப் போர்த்துகிறான். அரகோர்னிடம் அவள் விரும்பியது அவனை அல்ல, அவனுடைய பெருமையை என்று அவளுக்கே புரியவைப்பவனும் அவன்தான். 2003இல் திரையரங்குகளுக்கு வந்த பதிப்பில் இது இல்லவே இல்லை. விரிவாக்கப் பதிப்பில் சிறு துணுக்காக வருகிறது. காதலுக்கு இடம் தேடி அலைந்தவர்கள், எழுதி முடித்திருந்த காதலை வெட்டினார்கள்.

முதலில் சொன்ன ஆயத்தமான காட்சிக்கு வருகிறேன். நாவலின் ஐந்தாம் புத்தகத்தில், ரோகன் சமவெளியில் இரவில் வடக்கிலிருந்து அரகோர்னின் உறவினர்கள் முப்பது பேர் குதிரைகளில் வந்து சேர்கிறார்கள். அவர்களில் ஹல்பராட் என்பவன் கறுப்புத் துணி சுற்றிய நீண்ட கோல் ஒன்றைத் தாங்கி வருகிறான். ரிவென்டெல் சீமாட்டி அனுப்பிய பரிசு இது, யாருக்கும் தெரியாமல் நெடுநாள் உழைத்து அவளே செய்தது என்கிறான். நாட்கள் குறுகிவிட்டன, ஒன்று நம் நம்பிக்கை நிறைவேறும் அல்லது எல்லா நம்பிக்கையும் முடிந்துபோகும் என்று அவள் சொல்லியனுப்பியதையும் சொல்கிறான். சுற்றியிருப்பது என்னவென்று அரகோர்னுக்குப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது. இன்னும் சிறிது காலம் எனக்காக நீயே சுமந்து வா என்று சொல்லிவிட்டு, வடக்கு நோக்கித் திரும்பிப் பெரிய விண்மீன்களின் கீழ் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த இரவுப் பயணம் முடியும்வரை அதன் பிறகு பேசவே இல்லை.

சுற்றியிருந்தது ஒரு கொடி. அதிலுள்ள சின்னம் கோண்டோர் தலைநகரின் முன் நடக்கும் பெலென்னோர் போர்க்களத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. கறுப்புப் பாய்களோடு எதிரியின் கப்பல்கள் வருகின்றன என்று எல்லோரும் கைவிட்ட நேரத்தில், முன்னால் வரும் கப்பலின் பாய்மரத்தில் ஆர்வென் மணிகளாலும் மித்ரில் என்னும் அரிய உலோகத்தாலும் பொன்னாலும் இழைத்த வெண்மரமும் ஏழு விண்மீன்களும் மணிமுடியும் வெயிலில் மின்னுகின்றன. கோட்டையில் இருப்பவர்களுக்கு அரசன் வந்துவிட்டான் என்பது அதைக் கண்டுதான் தெரிகிறது. ஹல்பராட் அன்றைய போரிலேயே இறந்துபோகிறான். படத்தில் இந்த இடத்தில் ஆவிகளின் படை பச்சை வெள்ளமாகப் பாய்கிறது; கொடி இல்லை. முடிசூட்டு விழாவில் ஆர்வென் கையில் வெண்மரக் கொடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். அதை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள் என்று படம் மட்டும் பார்த்தவருக்குத் தெரிய வழியில்லை.

ரிவென்டெல் காட்சிகளில் லிவ் டைலரைக் கட்டிலில் படுக்கவைத்து எடுத்த நிமிடங்களில் ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தால், விளக்கின் அருகே கறுப்புத் துணியில் வெண்மரத்தின் ஒரு கிளை முடிந்தும் மறு கிளை முடியாமலும் இருப்பதையும், தந்தையின் காலடி கேட்டதும் அவள் அதை மடித்து ஒளித்துவைப்பதையும் எடுத்திருப்பேன். அரகோர்னாக நடித்த விக்கோ மார்ட்டென்சனுக்கு அந்த இரவையும், சுற்றிய கோலையும், வடக்கே பார்க்கும் முகத்தையும் கொடுத்திருப்பேன். அவருக்கு வசனம் தேவைப்பட்டிருக்காது.