சாணக்குழியில் கிடைத்த வழுவழுப்பான உயிர் மண்புழுவா, பாம்புக்குட்டியா?

தேன்கனிக்கோட்டை பக்கம் சாணக்குழியைக் கிளறும்போது ஒரு சாண் நீளத்தில் ஒன்று நெளிந்தது, அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள்.

நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மண்ணில் பெரும்பாலும் கிடைப்பது புழுப்பாம்பு. கறுத்து மினுங்கும், உடம்பெல்லாம் நுண்ணிய செதில், அடிக்கடி நாக்கை நீட்டும். விஷம் கிடையாது. எறும்பு முட்டையும் கரையானும்தான் அதற்குச் சாப்பாடு.

நாக்கை நீட்டாமல், உடல் முழுக்க வளையம் வளையமாக, தோல் ஈரமாக வழுக்கினால் அது சிசிலியனாக இருக்கலாம். பாம்பும் இல்லை, புழுவும் இல்லை. தவளைக்கு உறவான, காலே இல்லாத இருவாழ்வி. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில்தான் அதிகம். இந்தியாவில் சுமார் 40 இனங்கள் உண்டு, ஆனாலும் ஊரில் பலருக்கு அதன் பெயரே தெரியாது.

மண்புழுவுக்கு எலும்பே கிடையாது. சிசிலியனுக்கோ முதுகெலும்பும் தாடையும் கூர்மையான பற்களும் இருக்கின்றன. கண் தோலுக்கடியில் மங்கிக் கிடக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குட்டி உணர்கொம்பு ஒன்று உண்டு. இருட்டு மண்ணுக்குள் இரையை மோப்பம் பிடிப்பது அதை வைத்துத்தான். நம் நாட்டில் சில இனங்களில் தாய், ஈரமண்ணில் முட்டையிட்டு அதைச் சுற்றிச் சுருண்டு காவல் காக்கும். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

அப்புறம், உப்பு மட்டும் தூவாதீர்கள். தோல் வழியாகவும் சுவாசிக்கும் உயிர், துடித்துச் செத்துவிடும். ஈரமண்ணோடு அள்ளி வரப்போர நிழலில் விடுங்கள்.