சுண்ணாம்பு அல்ல, பாராதைராய்டு

கேள்வி: கும்பகோணம் பக்கம் வயல்வேலை செய்யும் என் அம்மாவுக்கு வயது 57. இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்துவிட்டது. ரத்தத்தில் கால்சியம் 11.6, பி.டி.எச். 148, வைட்டமின் டி 14. கழுத்து ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. தினமும் வெற்றிலை, சுண்ணாம்பு போடுவார். அதனால்தான் கால்சியம் ஏறியதா? ஆபரேஷன் வேண்டுமா?

பதில்: சுண்ணாம்பு அளவுக்கு மீறினால் கால்சியம் ஏறும், உண்மைதான். ஆனால் அப்போது, ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் கழுத்துச் சுரப்பியான பாராதைராய்டு அடங்கி, அது சுரக்கும் ஹார்மோனான பி.டி.எச். வெகுவாகக் குறைந்திருக்கும். அம்மாவுக்குக் கால்சியம், பி.டி.எச். இரண்டுமே ஏறியிருக்கின்றன, கோளாறு சுரப்பியில்தான்.

ஸ்கேனில் தெரியாததால் நோய் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். இதை உறுதிசெய்வது ரத்தப் பரிசோதனை. எந்த இடத்தில் கீறுவது என்று சர்ஜனுக்கு வழிகாட்டுவதே ஸ்கேனின் வேலை. இயல்பான சுரப்பி அரிசி மணி அளவுதான். நான்கு இருக்கும், பெரும்பாலும் ஒன்றுதான் வீங்கும். இந்தச் சுரப்பியைத் தேடும் செஸ்டமிபி ஸ்கேன், 4டி சி.டி. எடுத்தும் தெரியாவிட்டால், அனுபவமுள்ள சர்ஜன் கழுத்தைத் திறந்து நான்கையும் பார்த்து, வீங்கியதை எடுப்பார். இந்த ஆபரேஷனில் கை பழகியவரிடம் போவதுதான் முக்கியம். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித் துறை உண்டு.

அதற்கு முன் 24 மணி நேரச் சிறுநீர்க் கால்சியம் பாருங்கள். காலை 6 மணிச் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அதன்பின் மறுநாள் 6 மணி வரை ஒவ்வொரு துளியையும் சேர்க்க வேண்டும். வயலுக்குப் போகிற நாளில் ஒருமுறை தவறினாலும் கணக்கு பொய்த்துவிடும். வீட்டிலிருக்கும் நாளில் செய்யுங்கள். அளவு மிகக் குறைந்தால் பரம்பரைக் கோளாறாக இருக்கலாம், அதற்குக் கத்தி தேவையில்லை. வைட்டமின் டி குறைவும் இந்த அளவைக் குறைத்துக் காட்டும் என்பதை டாக்டரிடம் நினைவூட்டுங்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் எடுங்கள்.

கல் வந்திருப்பதொன்றே ஆபரேஷனுக்குப் போதுமான காரணம். சினகால்செட் மாத்திரை கால்சியத்தை இறக்கும், எலும்பைத் தேற்றாது. வாழைத்தண்டுச் சாறு சுரப்பியைத் தொடவே தொடாது.

பாலை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் பி.டி.எச். இன்னும் ஏறும். 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடரைத் தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள். டாக்டர் சிறிய தினசரி அளவில் தொடங்குவார். ரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறதா என்று பாருங்கள், அது கால்சியத்தை ஏற்றும். நடவு வெயிலில் தண்ணீர் குறையக் கூடாது.

ஆபரேஷன் முடிந்த சில நாட்களில் பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரத்துப்போனால், டாக்டர் எழுதிய கால்சியம் மாத்திரையைக் கொடுங்கள். கை இழுத்துப் பிடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.