தலையெழுத்து என்று உட்கார்ந்துவிட்ட தம்பிக்கு

சகோதரி, வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டதால் வேலை போனதிலிருந்து தம்பி 'எல்லாம் தலையெழுத்து' என்று ஆலோசகரிடமும் போக மறுக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் மாமாவும் அப்படித்தான் இருந்தார். அது சோம்பல் இல்லை. நடப்பதெல்லாம் நம் கையிலா, வெளியிலா என்ற நம்பிக்கையை அளக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் 29 ஜோடி வாக்கியங்கள் கொண்ட அளவுகோலையே வெளியிட்டார். வெளியில்தான் என்று நம்புகிறவருக்கு 'முயற்சி செய்' என்பது காதில் ஏறாது. தோட்டம் கைமாறியது அவர் கையில் இல்லைதானே? முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் அவரே செய்யக்கூடிய சின்னக் காரியம் ஒன்று. மாமா லோரி லைசன்ஸ் விண்ணப்பப் பாரத்தில் பெயரை மட்டும் எழுதி, தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைத்தார். மூன்றாம் நாள் மிச்சத்தையும் நிரப்பினார். ஆலோசகரிடமும் வாரம் ஒரு சின்னக் காரியம் கொடுத்தால் போதும் என்று சொல்லுங்கள். தூக்கம், சாப்பாடு இரண்டும் போயிருந்தால் மட்டும் காத்திருக்காமல் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிப் போங்கள்.