போச்சு

அன்புள்ள அக்கா,

எங்கள் மகளுக்கு இருபது மாதம் ஆகிறது. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். இந்தக் கோடையில் எங்கேயும் போகவில்லை. கையில் பணமும் இல்லை, இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறையும் கிடைக்கவில்லை. மாலையில் வெயில் தாழ்ந்ததும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் வைத்து அவளை விளையாட விடுகிறோம். எறும்பு பார்க்கிறோம். தன் நிழலைப் பிடிக்க ஓடுகிறாள். அவ்வளவுதான் எங்கள் கோடை. நண்பர்கள் குழந்தைகளோடு மலைக்கும் கடலுக்கும் போய் எடுத்த படங்களைப் பார்க்கும்போது, அவளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று இருக்கிறது. ஆனால் எங்கே அழைத்துப் போனாலும் இந்த வயதில் நடந்தது அவளுக்கு நினைவிருக்குமா? நினைவில் நிற்காது என்றால் இதெல்லாம் யாருக்காக?

உண்மையைச் சொன்னால் டப் விளையாட்டு எங்களுக்குச் சலித்துவிட்டது. ஒரே டம்ளர், ஒரே தண்ணீர். மொண்டு ஊற்றுவாள், மறுபடி மொள்வாள். அவள் அதில் மூழ்கியிருக்கும் அரைமணி நேரத்தில்தான் நான் படியில் உட்கார்ந்து போனில் அலுவலக வேலையை முடிக்கிறேன். வித்தியாசமாக என்ன செய்யலாம்? என்ன புத்தகங்கள் வாங்கலாம்? கார்ட்டூன் காட்டலாமா? தண்ணீரில் விளையாடினால் சளி பிடிக்கும் என்று பெரியவர்கள் சொல்வது சரியா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று ஒரு பழைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். என் மகள் பேசத் தொடங்கிய மாதங்களில் அவள் சொன்ன சொற்களைத் தேதி போட்டு எழுதிவைத்த நோட்டு. அதில் ஒரு கோடை மாதம் முழுக்க ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் டப்பும் டம்ளரும் வந்து சேர்ந்தன. எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒன்றைத் தீர்த்துவிட வேண்டும்.

‘அவள் அதில் மூழ்கியிருக்கும் அரைமணி நேரத்தில்’ என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு உடம்பு பதறிவிட்டது. இருபது மாதக் குழந்தை, அவள் முன்னால் தண்ணீர், அப்பாவின் கண் போனில். இதை நான் மென்மையாகச் சொல்லப்போவதில்லை. இந்த வயதில் உடம்புக்குத் தலை கனம். பிறக்கும்போது குழந்தையின் நீளத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான். இருபது மாதத்தில் அந்தக் கணக்கு இன்னும் நேராகியிருக்காது. எட்டிப் பார்க்கிற குழந்தை தலைகுப்புற விழுந்தால் கையை ஊன்றி எழுந்துகொள்ளும் பலம் அதற்குக் கிடையாது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும். சத்தம் கேட்டதும் ஓடிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். சத்தம் கேட்காது. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படிக் கத்துவாள்? ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் நேரத்தில், நீங்கள் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே போன் வீட்டுக்குள் இருக்கட்டும். நீங்கள் கை நீட்டினால் அவளைத் தொடும் தூரத்தில் உட்காருங்கள். யாராவது கூப்பிட்டால் அவளையும் தூக்கிக்கொண்டு போங்கள். விளையாடி முடிந்ததும் ஒரு கையில் அவளை வைத்துக்கொண்டு மறுகையால் டப்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போங்கள், அப்புறம் துவட்டலாம். உங்கள் மனைவிக்கும் சேர்த்தே சொல்கிறேன். ‘நீ பார்த்துக்கொள், நான் உள்ளே போகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லி, ‘சரி’ என்ற பதிலைக் காதால் கேட்ட பிறகே ஒருவர் எழுந்திருக்க வேண்டும். அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் நினைத்த வீடுகளில்தான் இது நடக்கிறது.

சரி. கோபம் தீர்ந்தது.

சளி தண்ணீரால் வருவதில்லை, வைரஸால் வருகிறது. துவட்டிவிட்டால் போதும். வெயில் தாழ்ந்த பிறகு வெளியே விடுகிறீர்களே, அது நல்ல பழக்கம். சின்ன உடம்பில் எடையைப் பார்க்கத் தோலின் பரப்பு அதிகம், வியர்ப்பதும் குறைவு, அதனால் நம்மைவிடச் சீக்கிரம் சூடேறும். கார்ட்டூன் வேண்டாம். இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. மலையும் கடலும் எங்கேயும் ஓடிவிடாது, முடிந்தபோது போய்க்கொள்ளுங்கள். அந்தப் படங்களைப் பார்ப்பதைக் கொஞ்சநாள் நிறுத்தி வையுங்கள்.

புத்தகம் கேட்டிருக்கிறீர்கள். ஒன்று வாங்குங்கள். அவள் கேட்கும்போதெல்லாம் அதையே படியுங்கள். அசட்டையாகச் சொல்லவில்லை. ஜெசிகா ஹார்ஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் கதைகள் வழியாகப் புதுச்சொற்களைக் கற்பித்துப் பார்த்தார்கள். சில குழந்தைகளுக்கு ஒரே கதையைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், மற்றவர்களுக்கு அதே சொற்கள் வரும் வேறு வேறு கதைகளைப் படித்தார்கள். இரண்டு பக்கமும் அந்தச் சொற்களைக் கேட்ட தடவைகள் ஒன்றுதான். ஒரே கதையைக் கேட்டவர்களே சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். கதை பழகிவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்ற கவலை போய்விடுகிறது, புதுச்சொல்லைக் கவனிக்க மனதில் இடம் கிடைக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை. ‘எங்களுக்குச் சலித்துவிட்டது’ என்கிறீர்கள். அவளுக்குச் சலித்ததா? அதைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் சலிப்பை அவளுடைய குறையாக மாற்றி, ‘வித்தியாசமாக என்ன செய்யலாம்’ என்று என்னிடம் கேட்கிறீர்கள். இரண்டு வயதுக் குழந்தையோடு இருக்கும் வீட்டில் பெரியவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு இதுதான் என்று நான் பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். ‘மறுபடி’ என்று குழந்தை கேட்டால், இது அலுத்துவிட்டது, வேறு கொண்டுவா என்று கேட்பதாக நம் காதில் விழுகிறது. அவள் கேட்டது அதற்கு நேர் எதிர். கையில் இருப்பதை அவள் இன்னும் முடிக்கவில்லை.

குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் ஜீன் பியாஜே தன் மூன்று குழந்தைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்து, அவர்கள் செய்ததையெல்லாம் குறித்துவைத்தவர். குழந்தை கையில் இருப்பதைக் கீழே போடுகிறது, எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுகிறது. நமக்கு அது தொல்லை. பியாஜே கூர்ந்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் கையை வேறு இடத்துக்கு நீட்டி, வேறு உயரத்திலிருந்து குழந்தை விடுகிறது. ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரைக்குமான காலத்தில் இது நன்றாகத் தெரியும் என்று அவர் எழுதினார். போட்டால் விழுகிறது என்பது அதற்கு முன்பே தெரியும். இங்கிருந்து போட்டால் எப்படி விழும், அங்கிருந்து போட்டால் என்ன ஆகும் என்பதுதான் இப்போது கேள்வி. நாம் அதைப் பார்த்து ‘ஒரே விளையாட்டு’ என்கிறோம்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன்.

அந்தக் கோடையில் என் மகளுக்கு உங்கள் மகளின் வயதுதான். வாசல்படிக்குக் கீழே ஒரு தட்டையான கல் கிடந்தது. காலையில் அதில் பாதிக்கு வெயில் விழும், பாதி நிழலில் இருக்கும். நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கும் பாத்திரத்திலிருந்து ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் மொள்வாள். வழியில் பாதி சிந்திவிடும், மீதியைக் கல்லின் மேல் ஊற்றுவாள். கல் கறுத்துப்போகும். குந்தி உட்கார்ந்து அதையே பார்ப்பாள். ஈரம் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், ஒரு இலை அளவாகும், அப்புறம் விரல்நகம் அளவாகும், அதுவும் மறையும். உடனே இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து என்னைப் பார்த்து, “போச்சு” என்பாள். எழுந்து மறுபடி தண்ணீருக்கு வருவாள்.

முதல் நாள் எண்ணினேன். பதினோரு போச்சு. நோட்டில் அப்படியே இருக்கிறது.

அந்தச் சொல்லைப் பற்றிப் பின்னால்தான் படித்தேன். ஆலிசன் காப்னிக், ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் என்ற இருவரும் 1980களில் குழந்தைகளின் முதல் சொற்களை ஆராய்ந்தார்கள். ஒன்றரை வயதை ஒட்டி, ‘போச்சு’ என்ற பொருள் தரும் சொல்லைக் குழந்தை சொல்லத் தொடங்குகிறது. ஒளித்துவைத்த பொருள் எங்கே போயிருக்கும் என்ற கடினமான புதிர்களை அது அவிழ்க்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் என்று கண்டார்கள். கண்ணில் படாதது இல்லாமல் போய்விடவில்லை என்று தெரிந்துகொண்டிருக்கும் குழந்தைக்கு, கல்லின் ஈரம் எப்படிப்பட்ட புதிராக இருந்திருக்கும்! தண்ணீரை யாரும் எடுக்கவில்லை. எதற்கு அடியிலும் ஒளிக்கவில்லை. அவள் கண்ணெதிரிலேயே போய்விடுகிறது.

மூன்றாம் நாள் நோட்டில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறேன். ‘நிழல் பக்கம் ஊற்றினாள். போச்சு சொல்லவில்லை.’ எழுதும்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. இன்று களைப்பாக இருக்கிறாள் போல என்று நினைத்திருப்பேன். போன வாரம் அந்த வரியைப் படித்தபோது நெஞ்சில் சட்டென்று ஒன்று இடித்தது. அவள் இடத்தை மாற்றிப் பார்த்திருக்கிறாள், தம்பி. வெயிலில் ஊற்றினால் போகிறது, இங்கே ஊற்றினால் போகுமா? நிழலில் ஈரம் போகவே இல்லை. அவள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், பார்த்தேன், எழுதியும் வைத்தேன், ஆனால் எனக்கு அது அதே பழைய விளையாட்டாகத்தான் தெரிந்தது.

நான்காம் நாள் எனக்கு அவசர வேலை. அச்சுக்குப் போக வேண்டிய மெய்ப்பு காத்திருந்தது. அவள் டம்ளரோடு வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். ‘போதும், மூன்று நாளாக இதே வேலையா’ என்று டம்ளரைப் பிடுங்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டேன். அவள் அழவில்லை. தன் வெறுங்கையைப் பார்த்தாள். கையை விரித்து, “போச்சு” என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மாதத்தில் அதற்குப் பிறகு நோட்டில் கல் வரவில்லை. மெய்ப்பு ஒருநாள் தாமதமாகப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

நினைவிருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு மிகப் பழைய நினைவு மூன்று, மூன்றரை வயதை ஒட்டியதுதான். பட்ரீஷியா பவரின் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று வயதில் நடந்த நிகழ்ச்சிகளில் 60 விழுக்காட்டுக்கு மேல் ஐந்திலிருந்து ஏழு வயதுவரை குழந்தைகளுக்கு நினைவிருக்கிறது. எட்டு ஒன்பது வயதில் அது 40க்குக் கீழே இறங்கிவிடுகிறது. அப்படியானால் இருபது மாதத்து டப் எங்கே நிற்கப்போகிறது? ஆனால் ஈரம் காயும் என்பதும், வெயிலில் சீக்கிரம் காயும் என்பதும் என் மகளுக்குத் தெரியும். எப்போது தெரிந்துகொண்டாள் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

போன வாரம் அவளோடு பேசும்போது கல்லைப் பற்றிச் சொன்னேன். “எனக்கே நல்லா நினைவிருக்கும்மா, கல்லு ஓரத்துல ஒரு விரிசல்கூட இருக்கும்” என்றாள். இருக்க வழியில்லை. பியாஜேவுக்கும் இப்படி ஒரு நினைவு இருந்தது. இரண்டு வயதில் தன்னை ஒருவன் கடத்த வந்ததாகவும், தாதி அவனோடு போராடி முகத்தில் கீறல் பட்டதாகவும் கண்ணால் பார்த்ததுபோலவே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதினைந்து வயதாகும்போது, அது தான் கட்டிய கதை என்று அந்தத் தாதியே ஒப்புக்கொண்டுவிட்டார். வீட்டில் சொல்லக் கேட்டதைப் பியாஜே தன் நினைவாக ஆக்கிக்கொண்டிருந்தார். என் மகளுக்கும் நான் இந்தக் கல்லைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவளிடம் எதுவும் மறுத்துப் பேசவில்லை. விரிசல் இருந்ததா என்று எனக்கே தெரியாது, அதை அவள் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறாள். டம்ளரைப் பிடுங்கியதை மட்டும் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. அவள் இதைப் படிப்பாள்.

நாளை மாலை போன் இல்லாமல் அவள் பக்கத்தில் உட்காருங்கள். தண்ணீரை எங்கே ஊற்றுகிறாள் என்று மட்டும் பாருங்கள். நேற்று ஊற்றிய இடத்திலேயா, ஒரு சாண் தள்ளியா? டம்ளரை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறாள்? ஊற்றி முடித்ததும் என்ன சொல்கிறாள்? அந்தச் சொல்லை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா