250 மில்லி கப்பில் 250 கிராம் மைதா பிடிக்குமா?

கேள்வி: கேக் ரெசிபியில் 2 கப் மைதா என்று இருந்தது. என் கப்பின் அடியில் 250 மில்லி என்று போட்டிருக்கிறது, அதனால் அரை கிலோ பாக்கெட்டை அப்படியே கொட்டிவிட்டேன். கேக் செங்கல் மாதிரி வந்தது. நல்ல கப் செட்டாக வாங்கினால் சரியாகுமா, இல்லை தராசுதான் வாங்க வேண்டுமா?

பதில்: தராசு வாங்குங்கள். கப்பின் மேல் தப்பில்லை. மில்லி என்பது ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்ற கணக்கு, கிராம் என்பது எடை. தண்ணீரில் இரண்டும் ஒன்றாக வரும், பாலில் கிட்டத்தட்ட வரும், மற்றதில் வராது. மைதாவுக்குள் நிறையக் காற்று இருக்கிறது, அதனால் 250 மில்லி கப்பில் அது 125 முதல் 130 கிராம்தான் பிடிக்கும். நீங்கள் போட்டது ஏறக்குறைய இரண்டு மடங்கு, பாவம் கேக் என்ன செய்யும்? அதே கப்பில் சர்க்கரை 210 கிராம், எண்ணெய் 230, வெண்ணெய் 240, தேனோ 350-ஐத் தாண்டிவிடும். எல்லாப் பொருளுக்கும் சேர்த்து ஒரு கப்புக்கு இத்தனை கிராம் என்று ஒரே எண் சொல்லும் அட்டவணையை நம்பவே நம்பாதீர்கள்.

விலை உயர்ந்த கப் செட் வாங்கினாலும் கை மாறினால் அளவும் மாறும். மைதாவைக் கிளறிவிட்டு, ஸ்பூனால் கப்பில் அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினேன்: 127 கிராம். அதே கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி மொண்டு தலைதட்டினேன்: 158. கப்பும் ஒன்று, மாவும் ஒன்று, 31 கிராம் கூடிவிட்டது.

அப்புறம், கப் என்றால் எந்தக் கப் என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்க ரெசிபியில் கப் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. டேபிள்ஸ்பூன் பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. ரெசிபி எழுதியவர் கிராமும் கொடுத்திருந்தால் கப்பை மறந்துவிட்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தராசில் மில்லி பட்டனும் இருந்தால் எல்லாவற்றையும் அளந்துவிடலாமா? வாங்கும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: அந்தப் பட்டனுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தட்டில் இருப்பது எண்ணெயா தேனா என்று தராசுக்குத் தெரியாது, தண்ணீர் என்று நினைத்துக் கிராமையே மில்லி என்று காட்டும். அதில் 100 மில்லி எண்ணெய் எடுத்தால் உண்மையில் 108 மில்லிக்கு மேல் வந்திருக்கும்.

1 கிராம் துல்லியம், 5 கிலோ வரை தாங்கும் தட்டு, பாத்திரத்தை வைத்தபின் எண்ணைப் பூஜ்ஜியமாக்கும் டேர் பட்டன், இவ்வளவு போதும். பெரிய பாத்திரம் வைத்தால் எண்கள் மறைகிறதா என்று மட்டும் கடையிலேயே வைத்துப் பாருங்கள், பலரும் கோட்டைவிடும் இடம் இது. ஒரே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் வைத்துப் பாருங்கள், எண் மாறினால் அந்தத் தராசு வேண்டாம்.

ஈஸ்ட், சமையல் சோடா, உப்பு மாதிரி 5 கிராமுக்குள் போடுவதை இந்தத் தராசில் அளக்காதீர்கள். மெதுவாகத் தூவினால் சில தராசுகள் அதைக் கவனிப்பதே இல்லை. டீஸ்பூனே நல்லது, ஆனால் உப்பில் கொஞ்சம் கவனம்: நைசான தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம் இருக்கும், செதில் செதிலான உப்பு அதில் பாதிதான் இருக்கலாம். எந்த உப்பு என்று ரெசிபியில் சொல்லவில்லை என்றால், சொன்னதில் பாதியைப் போட்டு ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள்.