தவளை முட்டையில் இருக்கும் ஓட்டைக்கு யார் சம்பளம் தருவார்கள்?

ஏற்காட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் சேலத்தில் விடுதியில் தங்கி பிளஸ் டூ படிக்கிறாள், உயிரியல்-கணிதப் பிரிவு. நீட் வேண்டாம் என்கிறாளாம். கருமுட்டையின் உட்கருவில் உள்ள துளைகளைப் பற்றி எதையோ பார்த்துவிட்டு, படித்தால் அதைத்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதமாம். “தவளை முட்டைக்குள்ள இருக்கற ஓட்டையைப் படிச்சா யாருங்க சம்பளம் தருவாங்க?” என்று கேட்கிறார்.

நியாயமான கேள்விதான் அம்மா. அந்தத் துளைக்கென்று தனியாக வேலை எங்கும் கிடையாது. வேலை செல் உயிரியலுக்கும் உயிர்வேதியியலுக்கும்தான். ஆனால் பாப்பா எதில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாமல் வழி சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு இருக்கிறது. அதில் உள்ள துளை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 வகைப் புரதங்கள் பல பிரதிகளாகச் சேர்ந்து எட்டு மடிப்புச் சமச்சீரில் அமைந்த ஒரு வளையம். 1950-ல் காலன், டாம்லின் என்ற இருவர் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்ததே தவளை போன்ற நீர்நில வாழ்விகளின் கருமுட்டையில்தான். ஏற்காடு அடிவாரச் சோதனைச்சாவடியில் பைக் நிற்காமல் போகிறது, லாரிக்குச் சீட்டு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கும் அப்படித்தான். சுமார் 40 கிலோ டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) கீழான மூலக்கூறுகள் தாமாகவே நுழைந்துவிடும். அதைவிடப் பெரிய புரதத்தில் அதற்கான அடையாள வரிசை இருக்க வேண்டும். இம்போர்ட்டின் என்ற சுமைதூக்கிப் புரதம் அதைப் பிடித்து உள்ளே கொண்டுபோகும், உள்ளே ரான் என்ற புரதம் சரக்கை இறக்கிவிடும்.

கருமுட்டை ஏன் முக்கியம்? செனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் கரு, சுமார் 7 மணி நேரத்தில் 12 முறை பிரிந்து ஏறத்தாழ 4,000 செல்லாகிறது. அதுவரை அதன் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஒவ்வொரு பிரிவிலும் புது உட்கரு, புதுத் துளைகள் வேண்டும். அதற்கான எல்லாச் சரக்கையும் தாய்த் தவளை முட்டையிலேயே போட்டு வைத்திருக்கிறாள். சவ்வு அடுக்குகளில் துளைகள்கூடத் தயாராகக் கிடக்கும். முட்டையைச் சுழற்றி எடுத்த சாற்றில் குரோமோசோம் பொருளைப் போட்டால், சோதனைக் குழாயிலேயே உட்கரு உருவாகிறது. எலிஸ் என்ற புரதம் முதலில் குரோமட்டினில் (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த அந்தக் குரோமோசோம் பொருளில்) ஒட்டி, நப்107 தொகுதி என்ற துளைப் புரதக் கூட்டத்தை வரவழைக்கும். சாற்றிலிருந்து அந்தத் தொகுதியை மட்டும் நீக்கிவிட்டால் உறை ஒழுங்காக மூடுகிறது, துளை ஒன்றுகூட இருக்காது.

இந்தக் கடைசி வரியை அவளிடம் சொல்லி, “அப்புறம் அந்த உட்கரு என்ன ஆகும்?” என்று கேளுங்கள். கண் விரிந்து பேச ஆரம்பித்தால் ஆராய்ச்சிப் பக்கம் அனுப்பலாம். “அழகா இருக்கும்மா அந்தப் படம்” என்பதோடு நின்றால் அவசரப்படாதீர்கள். வண்ணப் படம் பார்த்து உயிரியலுக்கு வந்து இரண்டாம் ஆண்டில் சோர்ந்துபோகும் பிள்ளைகள் நிறைய.

ஆராய்ச்சி என்றால் முதலில் ஐசர், அதாவது மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள். ஏழு இருக்கின்றன. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குக் கிட்ட. போபால் ஐசரில் இந்தத் துளைப் புரதங்களையே ஆராயும் குழு உண்டு. ஐசர் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கிலும் தலா 15 கேள்வி, மூன்று மணி நேரம். உயிரியலில் மட்டும் அள்ளி ஜெயிக்க முடியாது. கணிதம் எடுக்காத பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுவார்கள். உங்கள் மகளுக்கு அந்தத் தலைவலி இல்லை. அது கிடைக்காவிட்டால் சேலத்திலேயே உயிர்வேதியியலோ விலங்கியலோ இளநிலை படித்துவிட்டு, ஜாம் (ஐஐடி போன்றவற்றின் முதுநிலை அறிவியல் நுழைவுத் தேர்வு) அல்லது க்யூட் (மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வு) முதுநிலைத் தேர்வு வழியாகப் பெரிய நிறுவனத்துக்குப் போகலாம். இதை இரண்டாம் தரம் என்று நினைக்காதீர்கள்.

சம்பளம்? முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கியிருந்தால் 2023 முதல் முதலிரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அதற்குப் பிந்தைய நிரந்தர வேலை குறைவு, போட்டி கடுமை. முப்பது வயதுவரை நிலையான வருமானம் இருக்காது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள். கல்யாணப் பேச்சு நடுவில் வரும். அதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுவது நல்லது.

அவ்வளவு நாள் தாங்காது என்றால் மருத்துவக் கருவியல் இருக்கிறது. 2021-ன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் வந்தபின் சிகிச்சை மையங்களில் தகுதியுள்ள கருவியலாளர் இருந்தாக வேண்டும். விந்தைச் செலுத்திய மறுநாள் காலை, 16 முதல் 18 மணி நேரத்துக்குள் முட்டையை நுண்ணோக்கியில் வைத்து, தாயுடையது ஒன்று, தந்தையுடையது ஒன்று என இரண்டு முன்னுட்கருக்கள் (ஒன்றுசேருமுன் தனித்தனியாக இருக்கும் உட்கருக்கள்) தெரிகிறதா என்று பார்ப்பது அவர்கள் அன்றாட வேலை. அந்த இரண்டின் உறையும் துளைகளும் முட்டை சேர்த்து வைத்த சரக்கில் உருவானவைதான். ஆக, மகள் தேடும் பொருள் இங்கும் இருக்கிறது. ஆனால் கை நடுங்கக் கூடாது, விடுமுறை நாளிலும் ஆய்வகத்துக்கு வர வேண்டியிருக்கும்.

நீட் விண்ணப்பம் போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். போடட்டும், இயற்பியலும் வேதியியலும் இரண்டுக்கும் பொதுதானே. மூன்றாம் முறை, நான்காம் முறை என்று இழுக்காதீர்கள், அவ்வளவுதான். அரையாண்டு விடுமுறையில் ஐசரின் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். கணிதத்திலும் இயற்பியலிலும் எத்தனை சரி என்று குறித்துக்கொண்டு அவளோடு வாருங்கள், அவள் அப்பாவும் வந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், மலைப்பாதையில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.