நடுக்களத்தில் ஆட விரும்பும் மகனும் பிளஸ் ஒன் சேர்க்கையும்

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை முழுமையாகப் படித்தேன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி முடித்திருக்கும் உங்கள் மகன், பள்ளியை விட்டுவிட்டு வெளிமாநிலத்தில் உள்ள தனியார் உறைவிடக் கால்பந்து அகாடமி ஒன்றில் சேர்ந்தே தீருவேன் என்று நிற்கிறான். அவர்கள் ஆண்டுக்கு நான்கு லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். படிப்பைத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். பதினேழு வயதில் ஸ்பெயின் நாட்டுக் கிளப்பில் சேர்த்துவிடுவோம் என்றும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவனுடைய அப்பா, "பந்து சோறு போடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகன் கால்பந்தை விட வேண்டாம், பள்ளியையும் விட வேண்டாம், அந்த நான்கு லட்சத்தை நீங்கள் கட்டவும் வேண்டாம். இருபக்கமும் மனம் நோகாமல் பேசும் சமரசமாக இதைச் சொல்லவில்லை. அவன் ஆடும் இடம் நடுக்களம் (மிட்ஃபீல்ட்) என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

மைதானத்தின் ஓரத்தில் வேகத்தை நம்பி ஆடும் விங்கரின் திறமை பெரும்பாலும் பதினைந்து, பதினாறு வயதிலேயே வெளியே தெரிந்துவிடும். நடுக்கள ஆட்டக்காரர் அப்படியல்ல. பந்து எங்கே வரப்போகிறது, எதிரணியில் யார் இடம் மாறுகிறார், எப்போது ஆட்டத்தை மெதுவாக்க வேண்டும் என்பதையெல்லாம் கணிக்கும் அறிவு, வயதில் மூத்தவர்களோடு பல பருவங்கள் ஆடிய பிறகே முழுமையாக வருகிறது. அதனால் பதினைந்து வயதில் ஒரு மிட்ஃபீல்டரைப் பற்றிச் சொல்லப்படும் தீர்ப்பு, பாராட்டாக இருந்தாலும் நிராகரிப்பாக இருந்தாலும், பாதி தகவலோடு சொல்லப்பட்டதுதான். உலகக் கோப்பையை வென்ற பிரான்ஸ் அணியின் எங்கோலோ கான்டேவை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் போதாது என்று பெரிய அகாடமிகள் அவரைத் திருப்பி அனுப்பின. பாரிஸ் புறநகரான சுரேனில் ஒரு சிறிய கிளப்பில் பத்தொன்பது வயது வரை ஆடிக்கொண்டிருந்தார். 2010-இல் புலோன் நகரக் கிளப்புக்குச் சென்றவர், அங்கே ஆடிக்கொண்டே கணக்கியல் பட்டயப் படிப்பையும் முடித்தார். 2012-13 பருவத்தில்கூட அவர் ஆடியது பிரான்சின் மூன்றாம் நிலை லீக்கில்தான். 2016-இல் லெஸ்டர் சிட்டியுடனும் 2017-இல் செல்சியுடனும் இங்கிலாந்து லீக் பட்டம், 2018-இல் உலகக் கோப்பை என்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. கணக்கியல் படித்ததால் அவருடைய ஆட்டம் கெட்டுப்போய்விடவில்லை என்பதை மகனுக்கும், மூன்றாம் நிலை லீக்கில் ஆடியவர் உலகக் கோப்பையைத் தூக்கினார் என்பதை அவனுடைய அப்பாவுக்கும் சொல்லுங்கள்.

நம் நாட்டிலேயே மணிப்பூரின் ஜீக்சன் சிங் இருக்கிறார். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்கான இந்திய அணியில் முதல் பயிற்சியாளர் காலத்தில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பயிற்சியாளர் மாறிய பிறகுதான் சேர்க்கப்பட்டார். 2017 அக்டோபர் 9 அன்று டெல்லியில் கொலம்பியாவுக்கு எதிராகத் தலையால் முட்டி அவர் அடித்த கோல்தான், சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் உலகக் கோப்பைப் போட்டிகளில் இந்தியா அடித்த முதல் கோல்.

இந்த எடுத்துக்காட்டுகளைக் கேட்டதும் "அப்படியானால் என் மகனும்" என்று நினைப்பது தாய்க்கு இயல்பு. ஆகவே அவனுடைய ஆட்டத்தை நீங்களே ஒருமுறை பார்த்து எடைபோட ஒரு வழி சொல்கிறேன். அடுத்த ஆட்டத்தில் மைதானத்தின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், பத்து நிமிடம் மகனை மட்டும் பாருங்கள். பந்து தன் காலுக்கு வருவதற்கு முன் அவன் எத்தனை முறை தோளுக்கு மேலே திரும்பிப் பின்னால் பார்க்கிறான் என்று எண்ணுங்கள். கெயிர் யோர்டெட் என்ற நார்வே ஆய்வாளர் இங்கிலாந்து லீக் ஆட்டக்காரர்களின் ஒளிப்பதிவுகளை வைத்து இதைத்தான் எண்ணினார். அடிக்கடி திரும்பிப் பார்ப்பவர்கள் கொடுக்கும் பாஸ்கள் கூடுதலாகச் சரியான காலுக்குப் போய்ச் சேர்ந்தன என்பது அவருடைய கண்டறிவு. அடுத்ததாக, பந்து வரும்போது அவன் உடல் முழுவதும் பந்தை நோக்கி இருக்கிறதா, அல்லது பாதி திரும்பிய நிலையில் நின்று, எதிரணிக் கோலுக்கு அருகில் இருக்கும் காலால் வாங்குகிறானா என்று கவனியுங்கள். முதல் வகையில் வாங்குபவன் பந்தை வந்த வழியே திருப்பித்தான் கொடுக்க முடியும். இரண்டாம் வகையில் வாங்குபவனுக்கு மைதானம் முழுவதும் திறந்திருக்கும். கடைசியாக, பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடிகளில் அவன் என்ன செய்கிறான்? இடுப்பில் கைவைத்து நிற்கிறானா, நடுவரைப் பார்த்துக் கைநீட்டுகிறானா, அல்லது உடனே துரத்துகிறானா? ஒரு முழு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓட வேண்டிய இடம் அது. மூன்றிலும் அவன் நன்றாக இருந்தால், அவனுடைய பயிற்சியாளர் பாராட்டினால் அதை நீங்கள் நம்பலாம். கோல் அடித்தானா என்பதை நான் கேட்கவே மாட்டேன்.

இனி வேலைவாய்ப்புக் கணக்கு. 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் என்ற தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்கியபோது களத்தில் நிற்கும் பதினொருவரில் ஐந்து பேர் இந்தியராக இருந்தால் போதும் என்று விதி இருந்தது. அது படிப்படியாக உயர்ந்து, 2021-22 பருவத்திலிருந்து குறைந்தது ஏழு இந்தியர்கள் ஆட வேண்டும் என்றானது. ஆனால் எஞ்சிய நான்கு வெளிநாட்டு வீரர்களைக் கிளப்புகள் எங்கே நிறுத்துகின்றன என்று பாருங்கள்: நடுப் பின்களத்தில், முன்களத்தில், அதோடு பெரும்பாலும் ஆட்டத்தை வகுத்துக் கொடுக்கும் தாக்குதல் நடுக்களத்தில். அந்த இடத்துக்குரிய, உங்கள் மகன் கனவு காணும் 10-ஆம் எண் சட்டை பல அணிகளில் ஒரு ஸ்பானியரிடமோ பிரேசில்காரரிடமோ இருக்கிறது. 2024-25 பருவத்தில் ஆடியவை 13 கிளப்புகள். ஒவ்வொன்றிலும் வழக்கமாகக் களமிறங்கும் இந்திய நடுக்கள வீரர்கள் இரண்டு அல்லது மூன்று பேர் என்று வைத்தால், நாடு முழுவதற்கும் நாற்பது இடங்களைத் தாண்டாது. அவற்றில் பெரும்பகுதி தற்காப்பு நடுக்களமான 6-ஆம் எண்ணும், இரு பக்கமும் ஓடும் 8-ஆம் எண்ணும்தான். பந்தைப் பறிக்கவும், தலையால் முட்டவும், அழுத்தத்தில் எளிய பாஸ் கொடுக்கவும் இப்போதிருந்தே பழகுவது, பந்தைக் காலோடு ஒட்டிக் கொண்டுசெல்லும் அழகான ட்ரிபிளிங்கை மெருகேற்றுவதைவிட அவனுக்கு அதிக வேலைவாய்ப்பைத் தரும். இதை அவன் விரும்பமாட்டான். அவனுடைய பயிற்சியாளரைக் கொண்டு சொல்லவையுங்கள்.

கிடைத்த இடமும் நிலையானதல்ல. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் முடியும் தறுவாயில் புதுப்பிக்கப்படாததால், 2025 ஜூலையில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. சில கிளப்புகள் முதல் அணி வீரர்களுக்கே சம்பளத்தை நிறுத்தின. ஆட்டம் பல மாதங்கள் தள்ளிப்போனது. காயம் வேறு. கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், 2019-20 பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியோடு இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றவர். அடுத்த பருவத்தின் தொடக்க ஆட்டத்திலேயே, 2020 நவம்பர் 20 அன்று, முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். 2018 மார்ச்சில் பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. நடுக்களத்தில் ஆடிய நம் சென்னைக்காரர் தன்பால் கணேஷும் அடுத்த பருவத்தை முழங்கால் காயத்தில் இழந்தார். இருவரும் அப்போது இருபதுகளின் நடுவில், உச்சத்தில் இருந்தவர்கள். முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை செய்துகொண்டால் மீண்டும் களமிறங்க ஒன்பது மாதமாவது ஆகும். எனவே எந்த ஒப்பந்தத்தாளைக் கொண்டுவந்து நீட்டினாலும், சம்பளத் தொகையைப் பார்ப்பதற்கு முன் அறுவைச் செலவு யாருடையது, காயக் காலத்தில் சம்பளம் உண்டா என்ற இரண்டு வரிகளைத் தேடுங்கள்.

ஸ்பெயின் வாக்குறுதிக்கு வருகிறேன். 18 வயது நிரம்பாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப்புக்கு மாற்றுவதை ஃபிஃபா விதி தடுக்கிறது. பெற்றோர் கால்பந்துக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்வது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கட்டணம் கட்டிச் சேரும் இந்தியச் சிறுவனுக்கு அவை பொருந்தா. இந்த விதியை மீறியதற்காகப் பார்சிலோனா கிளப்புக்கே 2014-இல் வீரர்களை வாங்கத் தடை விதிக்கப்பட்டது. பதினேழு வயதில் ஸ்பெயின் என்று அவர்கள் சொல்வது அதிகபட்சம் சுற்றுலா விசாவில் நடக்கும் பயிற்சி முகாமாக இருக்கும். முகாம் தவறல்ல, அதைக் கிளப் சேர்க்கை என்று விற்பதுதான் தவறு. முகவர் என்று யாராவது வந்தால் ஃபிஃபா உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பெற்றோரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் சிறுவரோடு ஒப்பந்தம் பேச அவர்களுக்கு அனுமதி கிடையாது. ஃபிஃபா விதிகளின்படி பயிற்சி இழப்பீடு என்பது வீரரை எடுத்துக்கொள்ளும் கிளப், அவரைச் சிறுவயதில் வளர்த்த கிளப்புக்குக் கொடுப்பது. பணம் ஓடும் திசை அது. பெற்றோரின் பையிலிருந்து கிளப்புக்கு ஓடினால், அங்கே உங்கள் மகன் வீரரல்ல, வாடிக்கையாளர். பிறந்த தேதியை ஓரிரு ஆண்டு குறைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்களும் வருவார்கள். மணிக்கட்டை ஸ்கேன் எடுத்து எலும்பு முதிர்ச்சியைப் பார்க்கும் முறை ஃபிஃபாவின் 17 வயதுக்குட்பட்டோர் போட்டியில் 2009 முதலே இருக்கிறது; அப்படிப்பட்டவர்களிடம் மறுபடி பேச வேண்டாம்.

அப்படியானால் எங்கே சேர்ப்பது? தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் தேர்வு நடத்திச் சேர்க்கிறார்கள். உணவு, தங்குமிடம், பயிற்சி, பக்கத்துப் பள்ளியில் படிப்பு என எல்லாம் அதில் அடங்கும். பத்தாம் வகுப்பு முடித்தவனுக்கு இதுதான் சரியான தருணம்; மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் தேர்வு நாளை இந்த வாரமே விசாரியுங்கள். உறைவிட அகாடமிதான் வேண்டும் என்றால், 1987-இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாட்டா கால்பந்து அகாடமி போலத் திறமையைப் பார்த்து எடுத்துச் செலவைத் தானே ஏற்கும் இடங்களின் தேர்வுகளுக்கு அனுப்புங்கள். தேர்வானால் அவனுடைய தரத்துக்கு அதைவிட நம்பகமான சான்று கிடையாது.

விளையாட்டுச் சான்றிதழ்கள் விஷயத்தில் நம் வீடுகளில் பெரும் அலட்சியம் இருக்கிறது. கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டுச் சான்றிதழைத் தொலைத்துவிடுகிறார்கள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது; பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் இருக்கின்றன. இவற்றிலும் மத்திய அரசுப் பணிகளிலும் சான்றிதழின் நிலையே உங்கள் மகனின் நிலையைத் தீர்மானிக்கும். மத்திய அரசின் படிவங்களில் நாட்டுக்காக ஆடியதற்கு ஒன்று, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கு ஒன்று, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு ஒன்று, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. தனியார் நடத்தும் "அகில இந்திய" போட்டிகளின் பளபளப்பான சான்றிதழ்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. பள்ளியை விட்டுவிட்டால் பள்ளி விளையாட்டுப் படிவத்துக்கு உரிய வழி அடைபடும் என்பதைத்தான் அந்த அகாடமிக்காரர்கள் உங்களிடம் சொல்லவில்லை. சென்னை லீக்கில் தென்னக ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகள் நீண்ட காலமாக ஆடிவருகின்றன. ஆள்சேர்ப்பு ஒவ்வோர் ஆண்டும் நடப்பதில்லை என்றாலும், வரும்போது படிப்பும் சான்றிதழும் கையில் உள்ளவனே விண்ணப்பிக்க முடியும். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணியின் நடுக்களத்தில் ஆடியபடியே தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருப்பவர். பந்து சோறு போடாது என்ற அப்பாவுக்கு இந்த ஒரு பெயர் போதும் என்று நினைக்கிறேன்.

பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு என்று கேட்டிருந்தீர்கள். அவன் மதிப்பெண்ணும் விருப்பமும் இடம்கொடுத்தால் உயிரியல் பிரிவு நல்லது; பின்னாளில் இயன்முறை மருத்துவம், விளையாட்டு அறிவியல் ஆகியவற்றுக்கு அது வழிவிடும், கிளப்புகளில் அந்தப் பணிகளுக்கு ஆள் தேவையும் இருக்கிறது. ஆனால் காலை, மாலை இரண்டு வேளைப் பயிற்சியோடு செய்முறைத் தேர்வுகளைச் சமாளிக்க அவன் திணறுவான் என்று தோன்றினால் வணிகவியலை எடுக்கட்டும், அதில் குறையேதும் இல்லை. நீட், ஜே.இ.இ. பயிற்சிக்காக மாலை ஏழு மணி வரை பிடித்துவைக்கும் பள்ளி மட்டும் வேண்டாம். சேர்க்கைக்கு முன் தலைமையாசிரியரைச் சந்தித்து, மாவட்ட, மாநிலப் போட்டி நாட்களுக்கு வருகைப் பதிவு தருவார்களா, உடற்கல்வி ஆசிரியர் அணியைப் பள்ளிக் கல்வித்துறைப் போட்டிகளுக்கும், பள்ளிகளுக்கான தேசியக் கால்பந்துப் போட்டியான சுப்ரதோ கோப்பைக்கும் உண்மையிலேயே அனுப்புகிறாரா என்று கேளுங்கள். கடந்த ஆண்டு அனுப்பிய அணியின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டத் தயங்காத பள்ளியில் சேர்த்துவிட்டு, இருபத்தொரு வயது வரை இரண்டையும் சேர்த்தே நடத்துவது என்று அப்பாவும் மகனும் தொலைபேசியில் ஒத்துக்கொள்ளட்டும். அதற்கு முன் எழுத்துபூர்வமான தொழில்முறை ஒப்பந்தம் ஏதேனும் வந்தால், கையெழுத்திடும் முன் நகலை எனக்கு அனுப்புங்கள். 18 வயதுக்குக் கீழ் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை ஃபிஃபா விதி ஏற்பதில்லை என்பதால், முதலில் அந்தக் கால அளவைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்